சுலோச்சனா கைபட்ட மிதவைச் சட்டை

எங்க காயல் உறைஞ்சது சித்திரை மாசத்துல ஒரு செவ்வாக்கிழமை, காலையில எட்டு மணி வெயில் முதுகைச் சுட ஆரம்பிச்ச நேரத்துல. மீன் கூடையை அலசலாம்னு போயி தண்ணியில முக்கினா கூடை முங்க மாட்டேங்குது, டங்குன்னு சத்தம் கேக்குது, என்னடான்னு குனிஞ்சு பார்த்தா எங்க கரையிலேருந்து எதிர்க்கரை அலையாத்திக் காடு வரைக்கும் காயல் மொத்தமும் ஐஸாக் கெடக்குது, மேலே வெயிலு எப்பவும்போலக் கொளுத்துது. முதல்ல பார்த்தது நான்தான். இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, இன்னைக்கும் ஊருக்குள்ள கேட்டுப் பாருங்க, என் ஓரகத்தி சுலோச்சனாதான் முதல்ல பார்த்தாம்பாங்க. நான் கூடையைப் போட்டுட்டு ஓடிப்போயி என் வீட்டுக்காரரை எழுப்பிக்கிட்டு இருந்தேன், அவ எனக்குப் பின்னாடி வந்து பார்த்துட்டு நேரா நடுத்தெருவுல நின்னு சொல்லிட்டா. சொன்னவளுக்குத்தான் பேரு கிடைச்சுது.

ஏன் உறைஞ்சுதுன்னு என்னைக் கேக்காதீங்க, எனக்குத் தெரியாது. கேட்டவங்கெல்லாம் ஒரு வாரம் கேட்டு ஓஞ்சு, சரி, உறைஞ்சது உறைஞ்சுபோச்சு, இனிப் பொழைக்கிற வழியைப் பார்ப்போம்னு வேட்டியை மடிச்சுக் கட்டிட்டாங்க. தாலுகா ஆபீஸுலேருந்து ஒருத்தர் சேதம் கணக்கெடுக்க வந்தார். அவர் கையில இருந்த தாள்ல புயலுக்கு ஒரு கட்டம், வெள்ளத்துக்கு ஒரு கட்டம், வறட்சிக்கு ஒரு கட்டம் இருந்துச்சு, இதுக்குக் கட்டம் இல்லை. ரொம்ப நேரம் பேனாவைக் கடிச்சுட்டு 'கெட்டியான வெள்ளம்'னு எழுதிக்கிட்டு, வீட்டுக்கு ஒரு கட்டி ஐஸைத் துண்டுல சுத்தி வாங்கிக்கிட்டுப் போயிட்டார். டவுன்ல ஐஸ் கம்பெனி வச்சிருந்தவர் மூணு நாள் கரையில வந்து உக்காந்து, என் பொழப்புல மண்ணு விழுந்துடுச்சேன்னு அழுதார். நாலாவது நாள்தான் ஊருக்கு உறைச்சுது, ஐஸை அறுக்கத் தெரிஞ்ச ஒரே ஆளு இந்தச் சுத்துவட்டாரத்துலேயே அவர்தான்னு. அவரையே கையைப் பிடிச்சுக் கூட்டிவந்து, கடப்பாரையை எங்கே இறக்கணும், ரம்பத்தை எப்படி இழுக்கணும், குழி எத்தனை அடி இருந்தா மீனும் வரும் மனுசனும் விழ மாட்டான்னு எல்லாம் சொல்லிக்குடுக்க வச்சாங்க. எங்க ஊர்ல காயலை எப்பவும் முறைபோட்டுத்தான் பிடிப்பாங்க, இன்னைக்கு இந்த வீட்டு வலை, நாளைக்கு அந்த வீட்டு வலைன்னு சீட்டுக் குலுக்கிப் பிரிப்பாங்க. அதே சீட்டைக் குழிக்கும் குலுக்கினாங்க. பத்து நாள்ல, காலங்காலமா ஐஸுல ஓட்டை போட்டுத் தூண்டில் விட்ட பரம்பரை மாதிரி எங்க ஆம்பளைங்க குடையை விரிச்சு நட்டுக்கிட்டு, குண்டிக்குக் கீழே சாக்கு, தலைமேல ஈரத்துண்டுன்னு உக்காந்துட்டாங்க.

சும்மா சொல்லக்கூடாது, அந்த ஒரு மாசம் ஊரே நல்லாத்தான் இருந்துச்சு. கீழே கொடுவா, மடவை எல்லாம் கொழுத்துக் கெடந்துச்சு, பிடிச்ச மீன் சாயங்காலம் வரைக்கும் கண்ணு மங்கலை. டீக்கடைக்காரர் கடையை நடுக்காயலுக்கு மாத்திட்டார். அம்மன் தேர் வருசாவருசம் கரையைச் சுத்திப் போகும், அந்த வருசம் ஐஸு மேல குறுக்கே போச்சு, இழுக்க வடமே வேணாம், ஒரு தள்ளு தள்ளினா போதும், நிறுத்துறதுக்குத்தான் நாப்பது பேரு தேவைப்பட்டுது, பூசாரி கால் சில்லிட்டு ஒத்தைக் காலை மாத்தி மாத்தித் தூக்கி ஆடினதைப் பார்த்துட்டு அருள் வந்துடுச்சுன்னு நாலு பொம்பளைங்க கூடச் சேர்ந்து ஆடினாங்க. எதிர்க்கரையில பொறந்து இந்தக் கரையில வாக்கப்பட்டவங்க, முன்னெல்லாம் ரெண்டு பஸ்ஸு மாறிப் போனவங்க, குழம்பைக் கொதிக்க வச்சுட்டு அம்மா வீட்டுக்கு நடந்து போயி நாலு வார்த்தை பேசிட்டு, குழம்பு இறக்குறதுக்குள்ள திரும்பி வந்தாங்க. மாமியாருங்களுக்குத்தான் ஐஸு பிடிக்கலை. கொக்குங்க மூணு நாள் நின்னு முழிச்சுட்டு, அப்புறம் குழிக்கு ரெண்டுன்னு வந்து நிக்கப் பழகிக்கிச்சுங்க.

இப்ப எங்க வீட்டைச் சொல்றேன். என் பேரு மதுரம். வீட்டுக்காரர் காத்தலிங்கம். அவரோட கூடப்பொறந்த தம்பி நாகூரான். நாகூரானைக் கட்டினவதான் சுலோச்சனா, எனக்கு ஓரகத்தி. வீடு ஒண்ணு, நடுவுல சுவரு வச்சு ரெண்டாக்கினது, கொல்லைப்பக்கம் மட்டும் பொது. அண்ணனும் தம்பியும் ஒரே குழியிலதான் தூண்டில் விடுவாங்க. அவ வாக்கப்பட்டு வந்து பதினாலு வருசம் ஆச்சு, அந்தப் பதினாலு வருசமும் எனக்கு வயிறு எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கு, இதைச் சொல்ல எனக்கு வெக்கம் ஒண்ணும் இல்லை. ரெண்டு பேரும் ஒரே மாவுல இடியாப்பம் பிழிவோம், அவளோடது பூவா வரும், என்னோடது கயிறாக் கெடக்கும். ஒரே மீனை ஒரே விலைக்கு ஒரே தெருவுல தூக்கிக்கிட்டுப் போவோம், அவ கூடை காலியாகித் திரும்பும்போது என் கூடையில ஈ மொய்க்கும். ஒன்பது வருசம் மாமியாருக்கு நான் சோறு ஊட்டினேன், கடைசி மூச்சுல அந்தக் கிழவி தேடினது அவ கையை. கைராசிக்காரின்னு ஊர் முழுக்கப் பேரு. யாரு வீட்டுல கன்னுக்குட்டி வாங்கினாலும், காது குத்துக்குத் தோடு எடுத்தாலும், சுலோச்சனா ஒரு தடவை தொட்டுக் குடுத்துடட்டும்பாங்க.

அவளும் தொட்டுக் குடுப்பா. ஒரு அலட்டல் கிடையாது, ஒரு மண்டைக்கனம் கிடையாது. என்கிட்ட வந்து, "அக்கா, நீங்க சொல்லுங்கக்கா, உங்களுக்குத் தெரியாததா"ம்பா. அதைத்தான் என்னால தாங்க முடியலை. ஒரே ஒரு தடவை திமிரா ஒரு வார்த்தை பேசியிருந்தாள்னா நானும் தலைமுடியைப் பிடிச்சுச் சண்டை போட்டுட்டு நிம்மதியா இருந்திருப்பேன்.

காயல் உறைஞ்ச பதினஞ்சாம் நாள் பூமாலை செத்துப்போனார். நாலு பொண்ணைப் பெத்தவர், நிதானமான மனுசன். முகத்துவாரத்துப் பக்கம் அடியில தண்ணி ஓடுற இடத்துல ஐஸு மெலிசு, அதுல காலை வச்சிருக்கார். விழுந்தவர் நீச்சல் தெரியாதவரா, கடல்லயே கெடந்தவர்தான், ஆனா அந்தக் குளிர்த் தண்ணி நெஞ்சைப் பிடிச்சுடுச்சு, ஏறப் பிடிச்ச விளிம்பெல்லாம் உடைஞ்சு உடைஞ்சு கையோட வந்துடுச்சு. ரெண்டு நாள் கழிச்சு முகத்துவாரத்துல ஒதுங்கினார். அன்னைக்குப் பஞ்சாயத்துல ஒரே பேச்சா முடிவு பண்ணினாங்க, மிதக்குற சட்டை இல்லாம ஒருத்தனும் ஐஸு மேல காலை வைக்கக்கூடாதுன்னு.

கப்பல்லேருந்து கழிச்சுப் போட்ட சாமானை வாங்கி விக்கிற சுல்தான் பாய் ஒரு லாரி நிறைய அந்தச் சட்டையைக் கொண்டாந்து ஏலக்கூடத்துல கொட்டினார். குளிர் தேசத்துல ஐஸுல மீன் பிடிக்கிறவங்க போடுறதாம். காலும் கையும் ஒண்ணாத் தைச்சது, கழுத்துலேருந்து கவட்டை வரைக்கும் ஜிப்பு, நெஞ்சுப் பையில கயித்துல கோத்த ரெண்டு இரும்பு முள்ளு, விழுந்தா அதை ஐஸுல குத்தி ஊர்ந்து ஏறணும், தோள்ல ஒரு விசில். ஆரஞ்சு, மஞ்சள், நீலம்னு ஐம்பது அறுபது சட்டை மலையாக் கெடந்துச்சு. எல்லாத்துக்கும் ஒரே விலைன்னுட்டார். அதனால எது நல்லதுன்னு விலையைக் கேட்டுக் கண்டுபிடிக்க வழியில்லை, கண்ணாலயும் கையாலயும்தான் பார்க்கணும். பாயும் அவருக்குத் தெரிஞ்சதைச் சொன்னார். "அளவு பார்த்து எடுங்கம்மா. கையைத் தூக்கினா தோளு இழுக்கக்கூடாது, குந்தினா கவட்டை பிடிக்கக்கூடாது, தொளதொளன்னும் இருக்கக்கூடாது, தண்ணி உள்ள பூந்துடும். உள்ள தடிமனா ரப்பர் மெத்தை வச்சிருக்கான், அது குளிருக்கு."

அது குளிருக்குன்னு அவர் சொன்னதை நல்லா ஞாபகம் வச்சுக்கங்க. நான் தெரிஞ்சு எதுவும் பண்ணலை.

எங்க ஊர்ல துணி எடுக்குறது பொம்பளைங்க வேலை. ஆம்பளைங்க கடைக்கு வெளியில நின்னு பீடி குடிப்பாங்க, உள்ள கூப்பிட்டா வந்து முதுகைக் காட்டி நிப்பாங்க, அளவு பார்த்ததும் போயிடுவாங்க. அன்னைக்கும் அப்படித்தான். நான் ஏலக்கூடத்துக்குள்ள போனதும் சட்டை எதையும் பார்க்கலை, சுலோச்சனா கையைத்தான் பார்த்தேன். அவ குவியலைச் சுத்தி ஒரு தடவை வந்தா, நடுவுல கெடந்த ஒரு ஆரஞ்சு சட்டை மேல கையை வச்சா. பளபளன்னு, நெஞ்சுல வெள்ளிப் பட்டை ரெண்டு, ஒரு சுருக்கம் கிடையாது. அவ்வளவுதான், நான் பாஞ்சு அதைத் தூக்கி மார்போட வச்சுக்கிட்டேன். "இது எங்க வீட்டுக்காரருக்கு நான் பார்த்து வச்சது." அவ சிரிச்சுட்டு, "எடுத்துக்கங்கக்கா, அவருக்கு எடுப்பா இருக்கும்"னு அடுத்ததுக்குப் போயிட்டா.

நான் சட்டையைக் கட்டிக்கிட்டு நிக்குறேன், அவ இன்னும் பார்க்குறா. ஒவ்வொண்ணாத் திருப்பித் தையலை இழுத்துப் பார்க்குறா, கைப்பட்டை ரப்பர் வெடிச்சிருக்கான்னு பார்க்குறா, ஒரு வாளித் தண்ணியில கையை நனைச்சுக்கிட்டு ஈரக்கையால ஜிப்பை இழுத்துப் பார்க்குறா. நாகூரானைக் கூப்பிட்டு, கைலி பனியனுக்கு மேலயே மாட்டச் சொல்லி, குந்துங்க, எழுந்திரிங்க, கையைத் தூக்குங்க, நெஞ்சுப் பையிலேருந்து முள்ளைக் கண்ணை மூடிக்கிட்டு எடுங்கன்னு அரைமணி நேரம் அவரை ஆட்டி வச்சா. கடைசியில எடுத்தது என்ன தெரியுமா, மண்ணு நிறத்துல ஒண்ணு, முழங்கால்ல ஒட்டுப் போட்டது, யாரும் திரும்பிக்கூடப் பார்க்காதது. எனக்கு உள்ளுக்குள்ள இனிச்சுது. அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் இனிச்சுது. நானும் அவளும் எங்க வழக்கப்படி புதுத்துணி ஓரத்துல மஞ்சள் வச்சுக் குடுத்தோம், ரெண்டு பேரும் போட்டுக்கிட்டுப் படியிறங்கினாங்க. நாகூரான் அந்த மண்ணுச் சட்டையில அளவெடுத்துத் தைச்ச மாதிரி கச்சிதமா நடக்குறார். என் வீட்டுக்காரர் பஞ்சு அடைச்ச மூட்டையாட்டம் ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு உருண்டுக்கிட்டுப் போறார். டீக்கடையில ஒருத்தன், "காத்தலிங்கண்ணனுக்கு எத்தனை மாசம்"னு கேட்டான்னு கேள்வி.

சாயங்காலம் அவர் வேர்த்து ஊத்தி வந்து, "உள்ள வெந்துபோறேன்டி மதுரம், இதை நாளைக்குப் போட மாட்டேன்"னு எறிஞ்சார். போடலைன்னா குழிக்குப் போக முடியாது. எங்க ஊர்ல துணி பெருசா இருந்தா என்ன பண்ணுவோம், டெய்லர்கிட்டக் குடுத்துப் பிடிச்சுக்குவோம். கல்யாணச் சட்டையிலேருந்து பள்ளிக்கூட யூனிபாரம் வரைக்கும் அப்படித்தான். நானும் டெய்லர் அந்தோணிகிட்டக் கொண்டுபோயி, "ரெண்டு பக்கமும் நல்லாப் பிடிச்சு, உடம்போட ஒட்டுற மாதிரி குடுங்க"ன்னேன். அவர் தையலைப் பிரிச்சுப் பார்த்துட்டு, "இந்த ரப்பரை வச்சுக்கிட்டு எங்கக்கா பிடிக்கிறது, மிஷினுக்குள்ளயே போவாது. குளிருக்குத்தானே வச்சிருக்கான், சித்திரையில எதுக்கு"ன்னார். எடுத்துடுங்கன்னு சொன்னது நான்தான். பதினோரு துண்டு வந்துச்சு, நாலு விரல் தடிமன், சாம்பல் நிறம். மூணு ஊசி உடைஞ்சதுல அவர் எரிச்சலாகி, இனிமே இந்தச் சட்டையை ஒருத்தரும் இங்கே கொண்டாரக்கூடாதுன்னுட்டார். அதுவும் நல்லதுக்குத்தான் ஆச்சு.

மறுநாள் என் வீட்டுக்காரரைப் பார்க்கணுமே நீங்க. இடுப்பு தெரிய, தோளு தெரிய, வெள்ளிப் பட்டை வெயில்ல மின்ன, ஐஸு மேல நடந்து போறார், டீக்கடையில பேச்சு நின்னுபோச்சாம். எல்லாப் பொம்பளைங்களும் எங்கடி எடுத்தேன்னு என்னைக் கேட்டாங்க, ஒரே லாரியில எடுத்ததுதான்னு சொல்லிக்கிட்டு நான் வெத்தலையை மடிச்சேன். மூணு நாள் நான் ராணிதான்.

நாலாவது நாள் மூக்கு உடைஞ்சுது. ஒரே குழி, ஒரே இரை, நாகூரான் தூண்டில்லதான் மீன் ஏறுது, என் வீட்டுக்காரர் தூண்டில் சும்மா கெடக்குது. ஊருக்குள்ள பேசிக்கிட்டாங்க, ஆரஞ்சு மின்னலைப் பார்த்து மீன் பயந்து ஒதுங்குதாம், மண்ணு நிறம் மீனுக்குத் தெரியாதாம், அதான் சுலோச்சனா அதைப் பார்த்து எடுத்திருக்காளாம், கைராசின்னா சும்மாவா. எனக்கு அன்னைக்குச் சோறு இறங்கலை. ஏலக்கூடத்துல அவ ஆரஞ்சு மேல கையை வச்சது என்னை ஏமாத்தத்தான்னுகூட நினைச்சேன். நேரா அவ வீட்டு வாசப்படியில போயி நின்னேன்.

"சுலோச்சனா, உங்க வீட்டுச் சட்டையை எங்களுக்குக் குடுத்துட்டு எங்களதை நீங்க எடுத்துக்கங்க."

"சரிக்கா. ரெண்டு பேரும் ஒரே அளவுதானே." அரிசி களைஞ்ச கையைத் துடைச்சுக்கிட்டு உள்ள போயி எடுத்தாந்து குடுத்துட்டா. ஏன்னு ஒரு கேள்வி கேக்கலை.

ரப்பரை எடுத்துட்டேன்னு அப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா, வெட்டிக் கெடுத்ததை என் தலையில கட்டுறாங்கன்னு நினைப்பாளேன்னு விழுங்கிட்டேன். மிதக்குறது அந்தத் துணியோட குணம்னுதான் நினைச்சேன், சத்தியமா. கடலோரத்துல பொறந்து வளர்ந்தவளுக்கு இதுகூடத் தெரியாதான்னு நீங்க கேக்கலாம், நானே என்னை எத்தனையோ தடவை கேட்டுக்கிட்டேன், எனக்குக் கிடைச்ச பதில் இதுதான், அவளைப் பத்தியே யோசிச்சுக்கிட்டு இருந்தவளுக்கு வேற எதையும் யோசிக்க இடம் இல்லாமப் போயிடுச்சு.

அதுக்கப்புறம் அஞ்சு நாள். ஆரஞ்சு சட்டை நெஞ்சுல கொஞ்சம் உப்பலாத் தெரிஞ்சாலும் நாகூரானுக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, அதுக்கும் எனக்கு எரிஞ்சுது. மண்ணுச் சட்டையில என் வீட்டுக்காரருக்கு மீன் ஏறுச்சு, ஆனா நாகூரானுக்கு ஒண்ணு கூடவே ஏறுச்சு. அந்த வாரத்துல ஐஸு நிறம் மாற ஆரம்பிச்சிருந்துச்சு. ஐஸ் கம்பெனிக்காரர் காதைத் தரையில வச்சுக் கேட்டுட்டு, "இன்னும் ஒரு வாரம் தாங்கினா பெருசு, சட்டையைக் கழட்டாதீங்க"ன்னார். சீட்டுல எங்க வீட்டுக்கு விழுந்தது முகத்துவாரத்துக்கிட்ட இருந்த குழி, பூமாலை போன இடத்துக்குக் கூப்பிடு தூரம்.

அஞ்சாம் நாள் மத்தியானம் கொல்லையில அந்த ரப்பர்த் துண்டைக் கழுவலாம்னு எடுத்தேன். உக்காந்து மீன் அரியுறதுக்கு அதைப் போட்டு வச்சிருந்தேன், கவுச்சி நாத்தம். தண்ணித் தொட்டியில போட்டேன், மேலயே கெடந்துச்சு. அமுக்கினேன், கையைத் தள்ளிக்கிட்டு மேல வந்துச்சு. அம்மிக் குழவியைத் தூக்கி அது மேல வச்சேன். குழவியையும் தூக்கிக்கிட்டு மிதக்குது. நான் அப்படியே தொட்டி விளிம்புல உக்காந்துட்டேன். அப்ப அங்கே ஐஸு மேல நாகூரான் போட்டுக்கிட்டு நிக்குறது வெறும் துணி. நான் அவருக்கு மாட்டிவிட்ட வெறும் துணி.

நாலடி தள்ளிச் சுலோச்சனா கருவாடு திருப்பிக்கிட்டு இருந்தா. "என்னக்கா, உடம்புக்கு முடியலையா?"

சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. எதிர்ல நிக்குறவ அவளா இல்லாம வேற யாரா இருந்தாலும் சொல்லியிருப்பேன். அவகிட்டப் போயி, உன் புருசன் உசுருக்கு நான் உலை வச்சுட்டேன்னு சொல்லி, அவ அந்த முகத்தை வச்சுக்கிட்டு, பரவாயில்லைக்கான்னு சொல்லுவாளே, அதைக் கேக்குறதுக்கு நான் அந்தக் காயல்லயே விழலாம். "ஒண்ணுமில்லை, வெயிலு"ன்னேன். அஞ்சு நாள் ஆகாதது அரை நாள்ல ஆயிடுமா, சாயங்காலம் அவர் வந்ததும் சட்டையை வாங்கி, ரப்பரைத் திருப்பி வச்சுத் தைச்சுட்டா யாருக்குத் தெரியும்னு மனசைத் தேத்திக்கிட்டு, உள்ள போயி சோத்தைப் போட்டுக்கிட்டு உக்காந்தேன். ஒரு மணி நேரம் தட்டையே பார்த்துக்கிட்டு இருந்தேன். ஒரு மணி நேரம் ஒரு மனுசன் உசுரை நான் என் ரோசத்துக்குக் கீழே வச்சிருந்தேன், இதை யாரும் சொல்ல வேண்டாம், நானே சொல்றேன்.

அப்பதான் சத்தம் கேட்டுச்சு. காயல் மொத்தமும் ஒரு தடவை முனகுச்சு, பாத்திரமெல்லாம் கிலுகிலுன்னுச்சு. தெருவுல எல்லாரும் ஆளு திரும்பட்டும் ஆளு திரும்பட்டும்னு கத்திக்கிட்டுக் கரைக்கு ஓடுறாங்க. நான் பதினோரு துண்டையும் வலைக்கயித்தால கட்டி இடுப்புல வச்சுக்கிட்டு, எல்லாரும் கரைக்கு வர்ற நேரத்துல நான் மட்டும் ஐஸு மேல எதிர்ப்பக்கம் ஓடினேன். பின்னாலேருந்து கூப்பிடுறாங்க, கேக்குது, நிக்கலை. செருப்பு எங்கே போச்சுன்னு தெரியலை. மேலே மண்டை காயுது, கீழே கால் மரத்துப்போச்சு, ஓடுறேன், தம்பி தம்பின்னு கூப்பிட்டுக்கிட்டே ஓடுறேன். முகத்துவாரத்துக்கிட்ட ரெண்டு பேரும் சாமானை வாரிக்கிட்டு இருந்தவங்க நிமிர்ந்து பார்த்தாங்க. "அங்கேயே நில்லுங்க அண்ணி, வராதீங்க"ன்னு நாகூரான் கையை ஆட்டினார். நான் ரப்பர்க் கட்டைத் தூக்கிக் காட்டினேன். அடுத்த அடியில காலுக்குக் கீழே ஒண்ணுமில்லை.

அந்தக் குளிரை எப்படிச் சொல்றது, நெஞ்சை யாரோ முழங்கால் போட்டு அமுக்கின மாதிரி மூச்சு நின்னுபோச்சு. முங்கலை, ரப்பர்க் கட்டு கக்கத்துல இருந்துச்சு. ஆனா கட்டு உருளுது, கயிறு நழுவுது, விளிம்பைப் பிடிச்சா உடைஞ்சு கையோட வருது. என் வீட்டுக்காரர் குப்புறப் படுத்து ஊர்ந்து வர்றார், கை எட்டலை. நாகூரான் ஒரு நிமிசம் பார்த்தார், சட்டுன்னு தண்ணிக்குள்ள குதிச்சுட்டார்.

நான் போட்ட சத்தம் எதிர்க்கரைக்குக் கேட்டுச்சாம். அந்த வெத்துச் சட்டையில அவர் குதிச்சுட்டார், அதுவும் எனக்காக. என் கண்ணு முன்னாடி கல்லா முங்கப்போறார்னு கண்ணை மூடிக்கிட்டேன். தொறந்து பார்த்தா, நெஞ்சு வரைக்கும் மேல நிக்குறார். பானையாட்டம் ஆடாம அசையாம மிதக்குறார். என்னை ரெண்டு கையால இடுப்பைப் பிடிச்சு, "ஏறுங்க அண்ணி"ன்னு தோளைக் குடுத்து மேல தள்ளினார், என் வீட்டுக்காரர் கையைப் பிடிச்சு இழுத்தார். தள்ளும்போது அவர் நெஞ்சு என் முதுகுல அழுந்துச்சு. சட்டைக்குள்ள முட்டு முட்டா, வரிசை வரிசையா, கொட்டாங்கச்சி அளவுல ஏதோ இருந்துச்சு. வலையில கட்டுற மிதப்புக்கட்டை. யாரோ ஒவ்வொண்ணையும் தனித்தனியாப் பை போட்டு, உள்பக்கமா வச்சுத் தைச்சிருக்காங்க. அப்படித் தைக்கிற கை எங்க ஊர்ல ஒண்ணுதான்.

நாகூரான் நெஞ்சுப் பை முள்ளை ஐஸுல குத்தி ஏறிட்டார், மூணு பேரும் கரைக்கு வந்தா ஊரே கூடி நிக்குது. கொழுந்தனைக் காப்பாத்த உசுரையே மதிக்காம ஓடினவளைப் பாருடின்னு ஒருத்தி, பெத்த தாய்கூட இப்படிப் போகமாட்டான்னு இன்னொருத்தி. எத்தனை வருசமா நான் ஏங்கின பேச்சு அது. சுலோச்சனா துண்டை எடுத்தாந்து என் தலையைத் துவட்டுறா. "எங்க அக்கா அப்படித்தான்"னு எல்லாருக்கும் சொல்றா. அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே எனக்கு அந்தப் பேரைப் போட்டுக் குடுக்குறா, கன்னுக்குட்டியைத் தொட்டுக் குடுக்குற மாதிரி. என்னால தாங்க முடியலை. அது நல்ல மனசுல வந்தது இல்லைங்க, சுத்தமான பொறாமையில வந்தது. அவ கையைத் தட்டிவிட்டுட்டு எழுந்து நின்னு, ஊரு முன்னாடி சொன்னேன்.

"ரப்பரை எடுத்தது நான். அதை மறைச்சு இவகிட்ட மாத்திக்கிட்டது நான். மத்தியானமே தெரிஞ்சும் ஒரு மணி நேரம் சொல்லாம உக்காந்திருந்தது நான். இவ என்னைக்கோ கண்டுபிடிச்சு மிதப்பு வச்சுத் தைச்சுட்டா."

என் வீட்டுக்காரர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். அப்புறம் ஒவ்வொருத்தியா ஆரம்பிச்சாளுங்க, எப்பேர்ப்பட்ட மனசுடி சுலோச்சனா உனக்கு, இவ்வளவு தெரிஞ்சும் ஒரு வார்த்தை பேசலையேன்னு. சரி, இதுலயும் பேரு அவளுக்குத்தான்னு நினைச்சேன். அவ பரவாயில்லைக்கான்னு சொல்லப்போறான்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்.

அவ என்னை அறைஞ்சா. பொறி கலங்குற மாதிரி, ஊரு முன்னாடி, முழுக்கையையும் வீசி அறைஞ்சா. தலையைத் துவட்டின துண்டு அவ தோள்லயே கெடக்குது, மூக்குலயும் கண்ணுலயும் தண்ணி ஒழுகுது, அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.

"சட்டையைத் தூக்கின உடனே தெரிஞ்சுடுச்சுடி எனக்கு. அஞ்சு நாள். அந்த மனுசன் அங்கே போயி நிக்க நிக்க, இன்னைக்கு வந்து சொல்லுவா, நாளைக்கு வந்து சொல்லுவான்னு உன் வாசலையே பார்த்துக்கிட்டுக் கெடந்தேன். நீ வரவே இல்லை. நீ நாசமாப் போகணும்னு அம்மனுக்கு வேண்டிக்கிட்டேன்டி. நேத்துகூட வேண்டிக்கிட்டேன்."

கன்னம் எரியுது, காதுக்குள்ள ரீங்காரம் போடுது. நாசமாப் போகணும்னு அவ வேண்டிக்கிட்டு நின்னதை நினைச்சுப் பார்த்தேன், விளக்கை ஏத்தி வச்சு, என் பேரைச் சொல்லி, கண்ணை மூடிக்கிட்டு. எனக்கு நெஞ்சுல இருந்து என்னவோ இறங்குச்சு. அவ கையைப் பிடிச்சு என் பக்கத்துல மண்ணுலயே உக்கார வச்சேன், அவளும் உக்காந்தா, உக்காந்து இன்னும் என்னைத் திட்டிக்கிட்டே அழுதா. பதினாலு வருசத்துல அன்னைக்குத்தான் அவளை எனக்குப் பிடிச்சுது.